பழைய தமிழ்ப் படங்களில் கையால் எழுதிய டைட்டில்கள்: சேகரிப்பவர்கள் யாரெல்லாம் இருக்கிறீர்கள்?

#1 ரீல்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். 1940களில் தொடங்கி 1970களின் கடைசி வரை வந்த தமிழ்ப் படங்களின் டைட்டில் கார்டுகளைச் சேர்த்து வருகிறேன். படத்தின் பெயர் வரும் ஒரு கார்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்பவர்கள் நிறைய பேர். நான் சேர்ப்பது முழு வரிசையை. சென்சார் சான்றிதழ், கம்பெனிச் சின்னம், படப் பெயர், நடிகர்கள், பாட்டு, ஒலிப்பதிவு, கடைசியில் டைரக்‌ஷன் வரை ஒன்று விடாமல் வேண்டும். ஏனென்றால் படப் பெயரை எழுதியவருக்கு அதில் அலங்காரம் செய்ய நேரம் கொடுத்திருப்பார்கள். உதவி ஒளிப்பதிவாளர்கள் பட்டியலை அவர் வேகமாக எழுதியிருப்பார். அவருடைய கை எப்படிப்பட்டது என்பது அந்த வேகத்தில்தான் தெரியும்.

இதை இப்போதே செய்யவேண்டிய காரணம் ஒன்று உண்டு. ஒரு பிரிண்டில், அதாவது தியேட்டரில் ஓட்டும் பிலிம் பிரதியில், முதலில் சாவது டைட்டில்தான். முதல் ரீலின் தலைப்பகுதியைத்தான் ஆபரேட்டர் ஒவ்வொரு காட்சிக்கும் கையில் பிடித்து புரொஜெக்டரில் மாட்டுகிறார். கீறல், கிழிசல், ஒட்டு எல்லாம் அங்கேதான் விழும். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டும்போதெல்லாம் சில பிரேம் போகும். பல ஊர் சுற்றிய பிரிண்டில் படப் பெயரே பாதி நொடிதான் மிஞ்சியிருக்கும். பிறகு மறுவெளியீட்டுக்காரர் தன் பெயரை நுழைப்பார், டிவிக்காரர் தன் முத்திரையைப் போடுவார். பேர் போடும் இடத்தை யாரும் படமாக நினைப்பதில்லை. வெட்டினால் கதை கெடாது என்ற எண்ணம்.

உங்களிடம் உள்ளதைப் பகிருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எதிலிருந்து எடுத்தது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். பிரிண்டா, டிவி ஒளிபரப்பா, விசிடியா, இணையத்தில் யாரோ ஏற்றியதா? அந்த ஒரு வரி இல்லாத படம் சேகரிப்பில் சேராது என்பது என் கட்சி.

#2 மவுண்ட்ரோடு மணி

அருமையான இழை. ஆனால் திரையில் வந்தது மட்டும்தான் டைட்டிலா? நான் காகிதக்காரன். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், லித்தோ போஸ்டர் இவைதான் என் பக்கம். பிரிண்டே இல்லாத படங்களுக்கு என்ன செய்வீர்கள்? 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' ஒரு பிரேம்கூட இல்லாமல் போய்விட்டது. அதன் பெயரை எப்படி எழுதினார்கள் என்று தேடினால் அந்தக் காலத்து விளம்பரத்தையும் பாட்டுப் புத்தகத்தையும்தான் பார்க்கவேண்டும். 30களின் படங்களில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான்.

இன்னொன்று, பிளாக். பத்திரிகை விளம்பரத்துக்கு டிசைனர் எழுதித் தந்த படப் பெயரை துத்தநாகத் தகட்டில் பதித்து, மரக்கட்டையில் ஆணி அடித்து, அச்சகத்துக்கு அனுப்புவார்கள். எழுத்து வலமிடமாகத் திரும்பியிருக்கும். ஆப்செட் வந்த பிறகு இவை கிலோக் கணக்கில் பழைய உலோகமாகப் போயின. என்னிடம் உள்ள ஒரு கட்டையில் இடுக்குகளில் மை இன்னும் கெட்டியாக ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் மூன்று ஆணி. சுத்தம் செய்யச் சொன்னார்கள், நான் தொடவில்லை. அந்த மையும் ஆவணம்தான்.

#3 ரீல்பெட்டி

மணி அண்ணே, காகிதம் கட்டாயம் வரட்டும். ஆனால் தனிப் பெட்டியில் வைப்போம். போஸ்டர் எழுத்தும் திரை எழுத்தும் பெரும்பாலும் வேறு வேறு கை. விளம்பர டிசைனரின் ஆபீஸில் பிறந்தது ஒன்று, ஸ்டூடியோவிலோ லேபிலோ டைட்டில் எழுதுபவர் செய்தது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் யார் என்ன செய்தார் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

#4 பிரஷ்காரர் மகள்

வணக்கம் அண்ணன்களே. என் அப்பா கோடம்பாக்கத்தில் டைட்டில் எழுதியவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. அவர் வேலை செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன், சேகரிப்பவர்களுக்கு உதவும்.

கறுப்பு அட்டை, வெள்ளைப் போஸ்டர் கலர். முதலில் சாக்பீஸில் மேல்கோடும் கீழ்கோடும். அதற்கு வெளியே எப்போதும் இடம் விடுவார். புரொஜெக்டரின் கேட், அதாவது பிலிமைப் பிடிக்கும் சட்டம், ஓரங்களைக் கொஞ்சம் தின்றுவிடும், தியேட்டருக்குத் தியேட்டர் அது மாறும். தமிழில் அந்த இடம் விடுவது முக்கியம். மேலே இகரச் சுழியும் கீழே உகரக் காலும் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆங்கிலத்துக்கு விடுகிற இடம் நமக்குப் போதாது. அட்டை ஏன் கறுப்பு என்றால், கறுப்பு பிலிமில் பதியாது. அதே பிலிமைத் திரும்ப ஓட்டி எழுத்தைப் படம் பிடித்தால் வெள்ளை மட்டும் காட்சிமேல் ஏறிக்கொள்ளும். நிற எழுத்து வேண்டுமென்றால் கேமராவில் பில்டர் போடுவார்கள். ஓவியப் பின்னணி இருந்தால் ஓவியம் கீழே, எழுத்து கண்ணாடியிலோ செல்லுலாய்டு தாளிலோ மேலே. அப்படி எடுத்த கார்டை உற்றுப் பார்த்தால் எழுத்துக்குப் பின்னால் மெல்லிய நிழல் விழுந்திருக்கும்.

கலர் கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் வெடிக்கும், தண்ணீராக இருந்தால் கறுப்பு உள்ளிருந்து தெரியும். விளக்கு வெளிச்சத்தில் கேமரா இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். தப்பு வந்தால் வெள்ளையைப் பிளேடால் சுரண்டி, மேலே கறுப்பு தடவுவார். பெயர்ப் பட்டியலில் கடைசி நிமிடத்தில் ஒருவர் சேருவார், ஒருவர் போவார். நடிகர்களின் வரிசையும் எழுத்தின் அளவும் பெரிய பஞ்சாயத்து. ஒரு பெயர் மட்டும் நெருக்கிப் பிடித்தாற்போல இருந்தால், அது பிறகு நுழைந்த பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் அட்டைகள் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. படம் பிடித்து முடிந்ததும் அந்த அட்டையையே துடைத்து, கறுப்பு அடித்து, அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார். அட்டைக்குக் காசு.

#5 ரீல்பெட்டி

அக்கா, இந்தப் பதிவு ஒன்றுக்காகவே இந்த இழையைத் தொடங்கியதாக நினைக்கிறேன். கார்டின் ஓரத்தில் விட்ட இடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். இன்றைய பெரிய சேதம் அங்கேதான். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட 4:3 விகிதம். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் அகலத் திரையை நிரப்புவதற்காக 16:9க்குப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். மேல்வரியில் இருக்கும் 'கி' இகரச் சுழி போய் 'க' என்று நிற்கிறது. அப்படிப்பட்டதை அசல் என்று எடுத்து வைக்காதீர்கள்.

#6 எழுத்தாணி

தேதி கண்டுபிடிக்க ஒரு வழி. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாகக் கொண்டுவந்தது 1978இல். அதற்கு முன் ணை, னை, லை, ளை நான்கும் முன்னால் தும்பிக்கை வளைத்த பழைய உருவத்தில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் தனிக் கால் இல்லாமல் ஒட்டிச் சுழித்து எழுதப்படும். ஆகவே 'காதலிக்க நேரமில்லை' (1964), 'எங்க வீட்டுப் பிள்ளை', 'திருவிளையாடல்' (இரண்டும் 1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்று இந்த எழுத்து வரும் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படத்தின் பெயரில் 'னா' இரண்டு முறை வருகிறது. இவற்றின் டைட்டிலில் புது எழுத்து கண்ணில் பட்டால், பிற்காலத்தில் மாற்றி எழுதியது என்று உடனே சந்தேகப்படலாம்.

இந்தப் பழைய எழுத்துகள்தான் டைட்டில் ஓவியர்களின் சொத்தே. 'லை'யின் அந்த வளைவை எவ்வளவு தூரம் இழுப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிச்சல். சொல்லின் நடுவில் வந்தால் பக்கத்து எழுத்தின் தலைக்குமேல் கூரை போட்டதுபோல் இழுத்துவிடுவார்கள். புது எழுத்தில் அந்த விளையாட்டுக்கு இடமில்லை.

#7 ஈரோட்டுக்காரன்

எழுத்தாணி சார், சந்தேகப்படலாம், ஆனால் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 1978 ஆணைக்கு வெகு முன்பே, 1935இலிருந்து பெரியார் தன் பத்திரிகைகளில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். விடுதலை பத்திரிகை படித்து வளர்ந்த ஓவியர்கள், திராவிட இயக்கத் தயாரிப்பாளர்கள் சினிமாவில் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் 60களிலேயே விரும்பிப் புது எழுத்தைப் போட்டிருந்தால் அதை மறுவெளியீடு என்று ஒதுக்கிவிடுவோமா? அப்படி ஒரு கார்டு கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். எதிர்த் திசையிலும் பாருங்கள். ஆணை வந்த மறுநாளே எல்லோர் கையும் மாறிவிடவில்லை. 80களில் வந்த படங்களில்கூட பழைய 'லை' எழுதிப் பழகியவர்கள் அப்படியே எழுதியிருப்பார்கள்.

எழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் சென்சார் கார்டையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே தேதி அச்சில் இருக்கிறது.

#8 ரீல்பெட்டி

அதேதான். 1952 சினிமாட்டோகிராப் சட்டப்படி அப்போது சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு படத்தை ஓட்ட மறுபடி சான்றிதழ் வாங்கவேண்டும், புதுக் கார்டு ஒட்டப்படும். 1965 படத்தின் முன்னால் 70களின் தேதியிட்ட சான்றிதழ் வந்தால், அது மறுவெளியீட்டுப் பிரிண்டிலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும். டைட்டில் மாறியிருக்குமா என்று அப்புறம் ஆராயலாம். 1983இல் வாரியத்தின் பெயரே தணிக்கையிலிருந்து சான்றளிப்பு என்று மாறியது. கார்டில் எந்தப் பெயர் என்பதும் ஒரு தடயம். சேகரிப்பவர்கள் பலர் சென்சார் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் படப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கம்பெனிச் சின்னங்களையும் விடாதீர்கள். ஜெமினியின் குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள், விஜயா நிறுவனத்தின் அனுமார் கொடி, 'நாடோடி மன்னன்' (1958) தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்கும் எம்ஜியார் பிக்சர்ஸ் சின்னம். உருவம் எப்படிச் செய்ததாக இருந்தாலும் கீழே வரும் பெயரை எழுதியது ஒரு கைதான். அதே சின்னம் படத்துக்குப் படம் எப்படி மாறுகிறது என்று அடுக்கிப் பார்த்தால் தனிக் கதை கிடைக்கும்.

#9 வளைகோடு

எல்லோருக்கும் வணக்கம். நான் டிசைன் படித்தவன். இந்த டைட்டில்களைக் கணினியில் மறுவரைவு செய்கிறேன். கீறல், அழுக்கு எல்லாம் நீக்கி, கோடுகளைச் சீராக்கி, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோப்பாக மாற்றி வைக்கிறேன். சில எழுத்துகளை வைத்து எழுத்துருவும் செய்யலாம் என்று ஆசை. 352×288 அளவில் இருக்கிற விசிடிப் படத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்? புது ஆட்கள் இந்த எழுத்தைத் திரும்பப் பயன்படுத்தினால்தான் அது உயிரோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

#10 பிரஷ்காரர் மகள்

தம்பி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சீராக்குகிற இடம்தான் அப்பாவின் இடம். ஒரே கார்டில் நான்கு 'ன்' வந்தால் நான்கும் நான்கு மாதிரி இருக்கும். வரியின் தொடக்கத்தில் பிரஷ்ஷில் கலர் நிறைய, கடைசியில் குறைவு. கோட்டின் கனம் அதற்கேற்ப மாறும். புள்ளியைப் பாருங்கள். தட்டைப் பிரஷ்காரர் வைத்தால் சதுரம் அல்லது சாய்சதுரம், உருண்டைப் பிரஷ்காரர் வைத்தால் வட்டம். மறுவரைவில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு வட்டமாகிவிடுகிறது, நான் பார்த்திருக்கிறேன். யார் எழுதியது என்று அடையாளம் காண அந்தப் புள்ளி ஒன்றே போதும், அதையே நீங்கள் துடைத்துவிட்டால் பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

எழுத்துரு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அசல் என்ற பெயரில் வெளியிடாதீர்கள். பக்கத்திலேயே எடுத்த பிரேமையும் வையுங்கள்.

#11 மவுண்ட்ரோடு மணி

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. சத்யஜித் ராய் வங்காளியில் தன் படங்களுக்கும் சிக்னெட் பிரஸ் புத்தகங்களுக்கும் தானே எழுத்து வரைந்தார். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த கை அது. ராய் ரோமன் என்று ஆங்கில எழுத்துருவே செய்தார். தெலுங்கில் ஓவியரும் டைரக்டருமான பாபுவின் கையெழுத்து எழுத்துருவாகி இன்று கல்யாணப் பத்திரிகை வரை புழங்குகிறது. பாபு யார், எப்படி எழுதுவார் என்று தெலுங்குப் பையன்களுக்குத் தெரிந்திருப்பதற்கு அந்த எழுத்துருவும் ஒரு காரணம். நம் ஊரில் ஈஸ்வர், பரணி என்று 'டிசைன்ஸ்' கார்டில் எத்தனை படத்தில் பெயர் பார்த்திருப்போம், அவர்கள் எழுத்தைத் தட்டச்சு செய்ய வழியில்லை. ஆகவே தம்பி செய்யட்டும், ஆனால் கீறலோடு இருக்கும் பிரேமும் பக்கத்தில் இருக்கட்டும்.

#12 வளைகோடு

புள்ளி விஷயம் எனக்குப் புதிது. அடுத்த கோப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, வந்தபடியே வரைகிறேன். ஒரே எழுத்துக்கு நான்கு வடிவம் வைத்து, தட்டச்சு செய்யும்போது மாறி மாறி வரும்படி எழுத்துருவில் செய்யமுடியும். அக்கா, உங்கள் அப்பா 'ழ'வின் வாலை எங்கிருந்து தொடங்குவார் என்று முடிந்தால் சொல்லுங்கள். மேலிருந்து ஒரே இழுப்பா, இரண்டு இழுப்பா?

#13 பிரஷ்காரர் மகள்

இரண்டு. முதலில் 'ய' மாதிரி எழுதிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்துவிடுவார். பிறகு கலரைத் தொட்டு, கீழே வாலைத் தனியாக இடமிருந்து வலமாக. அதனால் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கும். ஒரே இழுப்பில் எழுதும் ஆட்களும் உண்டு, அவர்கள் வால் ஒல்லியாக முடியும்.

#14 பிரேம்பிடி

எடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம். பிலிம் நொடிக்கு 24 பிரேம். கார்டு 4 நொடி நின்றால் 96 பிரேம் இருக்கிறது, அதில் எதை எடுப்பது? முந்தைய கார்டு கரைந்து மறைய இது மேலே வரும்போது இரண்டு கார்டின் எழுத்தும் கலந்திருக்கும். நடுவில் நிற்கும் பகுதியில் கீறல் குறைந்த பிரேமைத் தேடுங்கள். எழுத்துக்குப் பின்னால் காட்சி ஓடினால் ஒன்றுக்கு மேல் எடுங்கள், பின்னணி இருட்டாகும் பிரேமில்தான் வெள்ளை எழுத்தின் ஓரம் சரியாகத் தெரியும்.

பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த டிவிடி என்றால் 720×576, நொடிக்கு 25 பிரேம். பல டிவிடிகளில் ஒரு பிரேமே இரண்டு பாதியாகச் சீப்புப் பல் விழுந்து வரும். விஎல்சி பிளேயரில் அந்தப் பல்லை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டுவிட்டு எடுங்கள். ஜேபெக் வேண்டாம், வெள்ளை எழுத்தின் ஓரத்தில் கொசு மொய்த்ததுபோல் புள்ளி விழும். பிஎன்ஜியில் சேமியுங்கள். பிரகாசம், நிறம் எதையும் திருத்த வேண்டாம். நிறம் மங்கிச் சிவந்து போன ஈஸ்ட்மன்கலர் பிரிண்டை அப்படியே வையுங்கள், வேண்டுமென்றால் திருத்தியதைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கேட்பார்கள் என்பதால் உரிமை பற்றியும். இந்தியச் சட்டத்தில் சினிமாப் படத்துக்கு வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு முடிந்துவிட்டது.

#15 தஞ்சை வாசகி

நான் சேகரிப்பவள் அல்ல, படிப்பவள். இவற்றை நேரில் பார்க்க எங்கே போகலாம்? சினிமா வரலாற்றாளர் பிலிம் நியூஸ் ஆனந்தன் ஐயா சேர்த்த புகைப்படங்கள் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

#16 மவுண்ட்ரோடு மணி

அம்மா, பாட்டுப் புத்தகத்துக்கும் நோட்டீஸுக்கும் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை அடிப்படை. அவரே விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ரோஜா ஆர்ட்ஸ் என்று கடை வைத்திருந்தார், அதனால்தான் அந்தப் பெயர். பலகை எழுதிய கை என்பதால்தான் மற்றவர்கள் குப்பை என்று போட்ட நோட்டீஸின் எழுத்துக்கு அவர் மதிப்புக் கொடுத்தார் என்று நான் எண்ணுகிறேன். பிலிம் பிரிண்டுக்கு புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். முன்கூட்டி எழுதி, என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

வீட்டில் போஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லாமினேட் செய்யாதீர்கள். சூடு பட்டுப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டால் திரும்ப எடுக்கவே முடியாது. சுவரிலிருந்து உரித்த போஸ்டரின் பின்னால் மைதாப் பசை இருந்தால் பூச்சிக்கு அதுதான் விருந்து, வாங்கியதும் தனியாக வையுங்கள். மடித்ததை மறுபடி அதே மடிப்பில் மடிக்காமல், அமிலமில்லாத தாள் இடையில் வைத்துத் தட்டையாகப் போடுங்கள். 30×40 அங்குல ஷீட்டுக்கு அலமாரி கிடைக்காது, கட்டிலுக்கு அடியில் பிளைவுட் பலகை போதும்.

#17 எழுத்தாணி

ஈரோட்டுக்காரர் சொன்ன 60களின் புது எழுத்துக் கார்டு யாரிடமாவது இருந்தால் சென்சார் கார்டோடு சேர்த்து இங்கே போடுங்கள். தேதி பொருந்தினால் நானே முதலில் ஏற்றுக்கொள்வேன்.

#18 ரீல்பெட்டி

தேட ஒரு வழி சொல்கிறேன். படப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அதில் பழைய பாணி வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டிருக்கலாம். 'இசை', 'பாடல்கள்', 'துணை நடிகர்கள்' என்று வரும் உள்கார்டுகளில் 'ணை' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 'துணை' பல படங்களில் உண்டு. துணை ஒளிப்பதிவு, துணை இயக்கம், துணை நடிகர்கள் என்று ஒரே படத்தில் பலமுறையும் வரலாம். திராவிட இயக்கப் பின்னணி உள்ள கம்பெனிகளின் 1957 முதல் 1970 வரையான படங்களில் என்னிடம் இருப்பவற்றின் 'துணை' கார்டுகளை எல்லாம் வரிசையாக அடுத்த பதிவில் ஏற்றுகிறேன். ஒவ்வொன்றின் கீழும் எதிலிருந்து எடுத்தது, சான்றிதழ் தேதி, விகிதம், எந்த நிமிடம் என்று இருக்கும். பிரஷ்காரர் மகள் அக்கா புள்ளியையும் 'ழ'வின் வாலையும் பார்த்து, எவையெவை ஒரே கை என்று பிரித்துத் தரவேண்டும்.

#19 பிரஷ்காரர் மகள்

ஏற்றுங்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய இன்னொருவர் இருக்கிறார், இப்போதும் நல்ல நினைவு. பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுகிறேன். திரையில் வேண்டாம், தாளில்தான் அவருக்குப் பழக்கம்.